மாமாவின் கழுத்தும் நான் எழுதாத முடிவும்

1

இந்தக் கதை ஒரு 'டக்'கில் பிறந்தது. அக்காவின் கணவர் சலூன் வைத்திருக்கிறார். முடி வெட்டியதும் வாடிக்கையாளரின் தாடையைப் பிடித்து ஒரே திருப்பு. கழுத்தில் சொடக்கு விழும். அதற்காகவே வழுக்கைத் தலையர்களும் வருவார்கள். போன வாரம் மாமா தன் கழுத்தைத் தானே திருப்பிக்கொண்டார். அதிலிருந்து பிடரியில் வலி. ஒரு தாடை இரண்டாகத் தெரிகிறது. எதைச் சவரம் செய்வதென்று வாடிக்கையாளரிடமே கேட்டிருக்கிறார். வலி போக மறுபடியும் சொடக்குதான் எடுக்கிறார்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மனித மூளை என்பது மர்மங்களின்..."

வேண்டாம். ஸ்கேன் அறையில் இரவு வேலை பார்த்து, வெறுத்து விட்டு வந்தவன் நான். அங்கே மர்மம் எதுவும் இல்லை. குழாய்கள்தான்.

(அடிக்குறிப்பு மாதிரி: கழுத்து வழியாக மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் உட்சுவர் இப்படிச் சொடக்கு எடுப்பதில் கிழிந்தால், ரத்தம் சுவரின் அடுக்குகளுக்கு நடுவே புகுந்து புடைக்கும். கோட்டுப் பையின் உள்துணி கிழிந்து சில்லறை கீழே இறங்கித் தொங்குமே, அப்படி. அடைத்தால் பக்கவாதம். வெடித்தால் கதை தேவையில்லை, இரங்கல் செய்தி போதும்.)

3

பயந்தாவது ஸ்கேனுக்கு வருவார் என்று, எழுதியதை மாமாவிடம் காட்டினேன்.

"என்ன மச்சான், என்னைச் சாகடிச்சிருக்க?"

"ஒரு முடிவுலதான் மாமா. இன்னொண்ணுல வாய் கோணிப் பொழைச்சுக்கிறீங்க."

"மாரடைப்புன்னு மாத்து. கழுத்துன்னு எழுதினா எவன்டா என்கிட்ட கழுத்தை நீட்டுவான்?"

"உங்க கழுத்தே தொங்குது. அடுத்தவன் கழுத்தைப் பத்தி என்ன பேச்சு?" என்றாள் அக்கா.

மாமாவுக்குக் கோபம். கை தாடைக்குப் போனது. தலையைத் திரு

அக்கா பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். (மேலே உள்ள வாக்கியத்தை முடிக்க எனக்குத் தைரியமில்லை. அப்படியே கிடக்கட்டும்.)

பிறகு பேரம் பேசினார்.

"முடிவு எழுத மாட்டேன்னு சொல்லு, வர்றேன்."

சொன்னேன்.

4

இப்போது இயந்திரத்துக்குள் படுத்திருக்கிறார். "ஐயா, தலையை ஆட்டாதீங்க" என்று ஸ்கேன் எடுப்பவர் மைக்கில் கெஞ்சுகிறார்.

"மச்சான்! எழுதுறியா?" உள்ளேயிருந்து குரல்.

"இல்ல மாமா!"

(எழுதிக்கொண்டிருக்கிறேன்.)

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் திரையில் படம் வந்துவிட்டது. எனக்குப் பார்க்கத் தெரியும். பார்த்தும்விட்டேன். அக்காவின் நகம் என் கையில் பதிகிறது.

"என்னடா தெரியுது? வாயைத் திறந்து சொல்லேன்."

அவளிடம் சொல்வேன். உங்களிடம் மாட்டேன்; வாக்குக் கொடுத்திருக்கிறேன். முடிவை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். யோசிக்கும்போது கழுத்தை மட்டும் சொடக்கு எடுக்காதீர்கள்.