பதினாலாம் மேசை விளக்கு

பார்சல் கட்டும் ஷெட்டில், தட்டில் வந்து விழும் பொருளை எடுக்க வேண்டும். மணிக்கட்டில் கட்டியிருக்கும் ஸ்கேனரை அதன் கறுப்புக் கோடுகளுக்கு நேராகக் காட்ட வேண்டும். 'கீச்' என்றதும் அட்டைப்பெட்டிக்குள் வைத்து, காற்றுப்பை ஒன்றைத் திணித்து, டேப் ஒட்டி, ஓடும் பெல்ட்டில் தள்ளிவிட வேண்டும். ஒரு கீச்சுக்கும் அடுத்த கீச்சுக்கும் நடுவே பன்னிரண்டு விநாடி அவகாசம். அதைத் தாண்டினால் மேசைக்கு மேலே தொங்கும் சிவப்பு விளக்கு எரியும். ஒரு ஷிப்டில் ஐந்து முறை எரிந்தால் மஞ்சள் சீட்டு. மூன்று மஞ்சள் சீட்டு சேர்ந்தால் வாசலைப் பார்த்து நடக்க வேண்டியதுதான்.

பதினைந்தாம் மேசைக்காரிக்கு இரண்டு சீட்டு சேர்ந்திருந்தது. அவளை எல்லோரும் மின்னல் என்றுதான் கூப்பிட்டார்கள். ஆறு வருஷத்துக்கு முன் சேர்ந்தபோது கை அப்படிப் பறந்தது. இப்போது பெயர் மட்டும் நின்றுவிட்டது. ஒரு வருஷமாகவே வலது கை நடுங்குகிறது. ஸ்கேனரைக் காட்டினால் சிவப்பு ஒளி கோடுகளின் மேல் நிற்காமல் அலைபாயும். இரண்டு மூன்று முறை காட்டினால்தான் கீச் என்னும். கழிப்பறைக்குள் போனால் காரணமில்லாமல் அழுகை வரும். அழவும் கணக்காக நான்கு நிமிஷம்தான்.

மூன்றாவது சீட்டு வந்தால் வேலையோடு கம்பெனி மருத்துவ அட்டையும் போய்விடும். கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் கிடக்கிற புருஷனுக்கு மாத்திரையும் வைத்தியமும் அந்த அட்டையில்தான் ஓடிக்கொண்டிருந்தன.

அவளுக்கு இடது பக்கம் பதினாலாம் மேசையில் பெரியக்கா. ஒன்பது வருஷ சர்வீஸ். ஆள் உரல் மாதிரி. அசைவே தெரியாது, வேலை மட்டும் நடந்துகொண்டிருக்கும். அவள் மேசை விளக்கு ஒருநாளும் எரிந்து யாரும் பார்த்ததில்லை. அதன் கண்ணாடி மேல் தூசி படிந்து கிடந்தது.

"உன் பல்பு என்னைக்கோ ஃபியூஸ் போயிருக்கும்க்கா. அது தெரியாம உன்னை ஆகா ஓகோன்னு சொல்லிட்டிருக்காங்க" என்று மின்னல் கிண்டல் செய்வாள்.

"போயிருந்தா போகட்டும்டி. எரிஞ்சாத்தானே தெரியும்" என்பாள் பெரியக்கா.

சொல்லிக்கொண்டே இடது கையை நீட்டி, மின்னலின் தட்டில் கிடக்கும் பொருட்களைக் கோடுகள் மேலே தெரியும்படி திருப்பி வைப்பாள். தன் வேலையையும் பார்த்துக்கொண்டு இதையும் செய்வாள். ஒரு பொருளுக்கு இரண்டு விநாடி மிச்சம். அந்த இரண்டு விநாடியில்தான் மின்னலின் வேலை இத்தனை நாள் பிழைத்துக் கிடந்தது.

பதிலுக்கு மின்னல் செய்வது ஒன்றுதான். பெரியக்காவுக்கு எண்கள் தெரியும், எழுத்துத் தெரியாது. எட்டாம் வகுப்பு தேறியதாகச் சொல்லி வேலைக்குச் சேர்ந்தவள். அறிவிப்புப் பலகையில் எது ஒட்டினாலும் மின்னல் பக்கத்தில் நின்று, தனக்குத்தானே படித்துக்கொள்வது போல வாய்விட்டுப் படிப்பாள். பெரியக்கா தலையை ஆட்டிக்கொள்வாள். அந்த ரகசியம் இவர்கள் இரண்டு பேரைத் தாண்டியதில்லை.

அந்தப் பலகையில்தான் ஒருநாள் அது வந்தது. 'பணியிடத்தில் மன அழுத்தம்: புரிந்துகொள்வோம், வெல்வோம். அனைவரும் கட்டாயம் கலந்துகொள்ள வேண்டும். நேரம்: மதிய உணவு இடைவேளை.'

"அப்ப சோறு?" என்றாள் பெரியக்கா.

"அழுத்தம் போயிட்டா பசியும் போயிடும் போல."

பெல்ட்டை நிறுத்தி, நடுவில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டிருந்தார்கள். வேலை செய்யும் இடத்தில் அவர்கள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. பாதிப் பேருக்கு உட்கார்ந்ததுமே அழுத்தம் போய்விட்டது. பயிற்சி கொடுக்க வந்த அம்மாவுக்குத் தேனில் குழைத்த குரல். ஆளுக்கொரு மஞ்சள் ரப்பர் பந்து கொடுத்தார். பந்தில் சிரிக்கிற முகம் வரைந்திருந்தது. கோபம் வந்தால் அதைப் பிசைய வேண்டுமாம்.

"எல்லாரும் கண்ண மூடிக்கோங்க. நாலு எண்ணுற வரைக்கும் மூச்சை உள்ள இழுங்க. நாலு எண்ணுற வரைக்கும் நிறுத்துங்க. ஆறு எண்ணி மெதுவா வெளிய விடுங்க. எப்பெல்லாம் படபடப்பா இருக்கோ, அப்பெல்லாம் ஒரே ஒரு தடவை இதைப் பண்ணுங்க, போதும்."

"மூச்சு விடுறதுக்கும் கிளாஸா? பொறந்ததுலேருந்து ஓசியிலதான் விட்டுட்டிருக்கோம்" என்று பின்னாலிருந்து யாரோ முணுமுணுத்தார்கள். சிரிப்பு எழுந்தது. ஓரமாக நின்ற கண்காணிப்பாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சிரிப்பு அடங்கியது. எப்போதும் மணிக்கட்டையே பார்ப்பதால் அவருக்குக் கடிகாரம் என்றுதான் பெயர்.

கடைசியில் ஒரு தாள் கொடுத்தார்கள். இருபது கேள்வி. ஒவ்வொன்றுக்கும் 'இல்லை', 'சில நேரம்', 'எப்போதும்' என்று மூன்று கட்டம்.

"பேர் எழுத வேண்டாம். மேசை நம்பரும் எத்தனை வருஷ சர்வீஸ்னும் மட்டும் போட்டா போதும். மனசுல இருக்கறதை மறைக்காம எழுதுங்க. அப்பத்தான் நிர்வாகம் உங்களுக்கு உதவ முடியும். உக்காந்து வேலை பாக்க ஸ்டூல் வேணுமா, நடுவுல பத்து நிமிஷம் ஓய்வு வேணுமா, எல்லாம் இதை வச்சுத்தான் முடிவாகும்" என்றார் அந்த அம்மா.

மின்னல் தன் தாளை ஒரே மூச்சில் முடித்தாள். இருபதுக்கும் 'இல்லை'. இரண்டு மஞ்சள் சீட்டை வைத்துக்கொண்டு உண்மை பேச அவளுக்கென்ன பைத்தியமா?

"எனக்கும் அப்படியே போட்டுடு. நல்லாத்தானே இருக்கேன்" என்று பெரியக்கா தன் தாளை மெதுவாக இந்தப் பக்கம் நகர்த்தினாள். நகர்த்திவிட்டு எதிர்ச் சுவரைப் பார்த்தாள்.

முதல் இரண்டு கேள்விக்கு 'இல்லை' போட்டாள் மின்னல். மூன்றாவது: 'வேலையின்போது கை நடுக்கம் உண்டா?' பேனாவைப் பிடித்திருந்த கை நடுங்கிக்கொண்டிருந்தது. நான்காவது: 'காரணமின்றி அழுகை வருகிறதா?'

ஒரு வருஷமாக யாரும் கேட்காததை இந்தத் தாள் கேட்கிறது. சொன்னால் ஸ்டூல் தருகிறார்களாம், ஓய்வு தருகிறார்களாம். தான் சொன்னால் குற்றம். பெரியக்கா சொன்னால் அப்படியா என்று கேட்பார்கள். ஒருநாளும் விளக்கு எரியாதவளே இப்படிச் சொல்கிறாள் என்றால் எல்லோருக்கும் சேர்த்துத்தான் ஏதாவது செய்வார்கள். பெரியக்காவை யார் தொடப்போகிறார்கள்? இப்படியெல்லாம் நினைத்துக்கொண்டாள். நினைக்கும்போது நியாயமாகத்தான் இருந்தது.

மூன்றாவதுக்கு 'எப்போதும்'. நான்காவதுக்கு 'எப்போதும்'. அதன் பிறகு கை நிற்கவில்லை. தூக்கமின்மை, நெஞ்சுப் படபடப்பு, செத்துப்போகலாம் என்ற நினைப்பு என்று தன்னுடையது எல்லாவற்றையும் அந்தத் தாளில் கொட்டிவிட்டாள். மேலே மேசை எண் பதினாலு, சர்வீஸ் ஒன்பது வருஷம் என்று எழுதினாள். எழுதி முடித்தபோது குளித்துவிட்டு வந்தது போல உடம்பு லேசாக இருந்தது.

"போட்டாச்சா?" என்றாள் பெரியக்கா.

"போட்டாச்சுக்கா."

"நல்லா இருக்கேன்னுதானே?"

"ஆமாக்கா."

பன்னிரண்டு நாள் கழித்து மதியம் கடிகாரம் வந்து பெரியக்காவின் தோளுக்குப் பின்னால் நின்றார். "மேனேஜர் கூப்பிடறார். ஸ்கேனரை ஆஃப் பண்ணி, கழட்டி வச்சுட்டு வாங்க."

மேலாளரின் அறை கண்ணாடிச் சுவர் போட்டது. பதினைந்தாம் மேசையிலிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும், எதுவும் கேட்காது. மேலாளர் எழுந்து நின்று நாற்காலியைக் காட்டினார். தண்ணீர்க் கிளாஸை நகர்த்தி வைத்தார். பிறகு ஒரு தாளை எடுத்துக் காட்டி ஏதோ கேட்டார். மின்னலுக்கு அந்தத் தாள் தூரத்திலிருந்தே தெரிந்தது. பெரியக்கா அதை வாங்கி, படிப்பது போல மேலிருந்து கீழ் வரை கண்ணை ஓட்டினாள். தலையை ஆட்டினாள். என்னுடையது இல்லை என்று சொல்ல அவளால் எப்படி முடியும்? அப்புறம் யார் எழுதியது என்று கேட்பார்கள். எட்டாம் வகுப்புப் பொய் சந்தி சிரித்துவிடும்.

மின்னலின் விளக்கு எரிந்தது. அன்றைக்கு அது நான்காவது முறை. அவள் பதறி அடுத்த பொருளை எடுத்தாள்.

கால் மணி நேரத்தில் பெரியக்கா வெளியே வந்தாள். கையில் ஒரு கடிதம். நேராகக் கழிப்பறைக்குப் போகும் வழியில் நின்று மின்னலைக் கண்ணால் கூப்பிட்டாள். மின்னல் தன் நான்கு நிமிஷத்தை எழுதிவைத்துவிட்டுப் போனாள்.

"என்னமோ நலன் நலன்னு சொல்றாருடி. ரெஸ்ட் எடுங்கங்கறாரு. எத்தனை நாளைக்குன்னு கேட்டா, எல்லாம் இதுல இருக்குங்கறாரு. படி."

மின்னல் கடிதத்தைப் பிரித்தாள். 'தங்கள் உடல்நலனிலும் மனநலனிலும் நிர்வாகம் கொண்டுள்ள அக்கறையின் காரணமாக' என்று ஆரம்பித்தது. தாங்களே அளித்த பதில்களின்படி தங்களுக்குத் தொடர்ந்த கை நடுக்கமும், காரணமற்ற அழுகையும், விபரீத எண்ணங்களும் இருப்பதால், தங்களுக்கும் சக பணியாளர்களுக்கும் ஆபத்து நேராதிருக்க, இன்று முதல் பணியிலிருந்து விடுவிக்கிறோம். அடையாள அட்டையையும் மருத்துவ அட்டையையும் வாசலில் ஒப்படைக்கவும்.

ஒவ்வொரு வரியாகப் படித்தாள். ஒரு வார்த்தையைக்கூட மாற்றத் தைரியம் வரவில்லை.

"மருத்துவ அட்டையுமா?" என்றாள் பெரியக்கா. "அடுத்த மாசம் மகளுக்குப் பிரசவம்டி. வயித்துல ரெண்டு. ஆபரேஷன்தான்னு சொல்லிட்டாங்க. இந்த அட்டைய நம்பித்தானே அந்த ஆஸ்பத்திரில பேரு கொடுத்திருக்கேன்."

மின்னல் கடிதத்தின் கடைசி வரியையே திரும்பப் பார்த்தாள்.

"எனக்கு எங்கடி கை நடுங்குது?"

பெரியக்கா வலது கையை முன்னால் நீட்டினாள். விரல்களை விரித்துக் காட்டினாள். டேப் அறுத்துக் காய்ப்புக் காய்த்த கை. இம்மிகூட அசையவில்லை. தன் கையையே கொஞ்ச நேரம் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கண்ணை உயர்த்தினாள்.

மின்னலின் கையில் கடிதம் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அங்கே ஃபேன் கிடையாது.

பெரியக்காவுக்குப் படிக்கத்தான் தெரியாது. பார்க்கத் தெரியும். கடிதத்தைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள். மின்னல் வாயைத் திறந்தாள். அக்கா, நான் போய்ச் சொல்லிவிடுகிறேன், அது என்னுடையது என்று சொல்ல வேண்டும். நாக்கு வரை வந்தது. நாக்குக்குப் பின்னால் இடுப்புக்குக் கீழே உணர்வில்லாத ஒருவன் படுத்துக் கிடந்தான்.

"நாலு நிமிஷம் ஆயிடுச்சுக்கா" என்றாள்.

பெரியக்கா கடிதத்தை அவள் கையிலிருந்து மெதுவாக உருவி நான்காக மடித்தாள். "போ. விளக்கு எரியப்போகுது" என்றாள். திட்டியிருந்தால் பரவாயில்லை.

மறுநாள் காலையில் கடிகாரம் சிரித்துக்கொண்டு வந்தார். அவர் சிரித்து மின்னல் பார்த்ததில்லை. அறிவிப்புப் பலகையில் அவள் போட்டோவை ஒட்டியிருந்தார்கள். அடையாள அட்டையில் இருந்த படத்தைப் பெரிதாக்கியிருந்தார்கள். கீழே 'மன அழுத்தத்தை வென்றவர்' என்று எழுதியிருந்தது.

"இருபதுக்கு இருபது. உனக்கு ஒரு குறையும் இல்லைன்னு ரிசல்ட் வந்திருக்கு. இந்த ஷெட்லயே நீ ஒருத்திதான். மேனேஜருக்கு ஒரே சந்தோஷம். புது ஆள் வர்ற வரைக்கும் பதினாலையும் நீயே சேர்த்துப் பாத்துக்கோ."

"ரெண்டு மேசையா சார்? புது ஆள் எப்ப வரும்?"

"உன்னால முடியலைன்னு சொல்லு, அப்பப் பாப்போம்" என்றார் அவர், மணிக்கட்டைப் பார்த்தபடி.

பெல்ட் ஓட ஆரம்பித்தது. இரண்டு தட்டுகளிலும் பொருட்கள் வந்து விழுந்தன. எல்லாம் தலைகீழாக, கோடுகள் அடியில் இருக்கும்படி விழுந்தன. திருப்பி வைக்க ஆளில்லை. பதினாலாம் மேசையின் மூலையில் பெரியக்கா விட்டுப்போன மஞ்சள் பந்து சிரித்துக்கொண்டிருந்தது. மின்னலுக்கு நெஞ்சு படபடத்தது. கை துள்ளியது. சிவப்பு ஒளி கோடுகளின் மேல் நிற்க மறுத்தது.

கண்ணை மூடினாள். நாலு எண்ணி மூச்சை உள்ளே இழுத்தாள். நாலு எண்ணி நிறுத்தினாள். ஆறு எண்ணி வெளியே விட வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

மூடிய இமைகளின் மேல் சிவப்பு வெளிச்சம் விழுந்தது. கண்ணைத் திறந்து நிமிர்ந்து பார்த்தாள். பதினாலாம் மேசை விளக்கு, தூசிக்கு உள்ளேயிருந்து பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. பல்பு நன்றாகத்தான் இருந்தது.