பூஜ்யம் வராத குழாய்

ஆய்வகத்தில் எல்லோரும் அவளைக் குட்டி டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். முனைவர் பட்டம் வாங்கி எட்டு மாதம்கூட ஆகவில்லையே! கர்ப்பிணியின் ரத்தத்தில் மிதக்கும் சிசுவின் மரபணுத் துணுக்குகளைப் பார்த்து, பின்னால் வரப்போகும் ரத்தக்கொதிப்பை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா என்பதுதான் அவள் ஆராய்ச்சி.

வாராவாரம் கர்ப்பிணிகளின் ரத்தம் உள்ள சோதனைக் குழாய்களோடு, கர்ப்பமில்லாத ஒரு பெண்ணின் ரத்தத்தையும் எந்திரத்தில் வைப்பார்கள். ஆணுக்கு மட்டுமே உள்ள ஒய் குரோமோசோம் அதில் பூஜ்யமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எங்கோ கலப்படம். ஆறு மாதமாக அந்த ரத்தத்தைக் கொடுப்பவள் அவள்தான்.

இந்த வாரம் பூஜ்யம் வரவில்லை.

ஆய்வகத் தலைவி மேடம் உடனே டெக்னீஷியன் அண்ணனைப் பார்த்தார். அந்த அறையில் ஆண் என்றால் அவர் ஒருவர்தான். கையுறையோடு மூக்கைச் சொறிந்திருப்பீர்கள் என்று மேடம் கடிந்துகொள்ள, மூக்கு அரித்தே பத்து வருடமாகிறது என்று அவர் முணுமுணுத்தார். யாரும் சிரிக்கவில்லை. இந்த வாரத்து நாற்பது குழாய்களையும் கொட்டிவிடச் சொல்லிவிட்டு மேடம் தன் அறைக்குப் போய்விட்டார்.

நாற்பது பெண்கள் கர்ப்பத்தின் பத்தாவது வாரத்தில் கொடுத்த ரத்தம். மறுபடி கேட்டால் கிடைக்காது.

குட்டி டாக்டர் கீழ்த்தளத்து நர்ஸிடம் புதிதாக ரத்தம் கொடுத்து, அண்ணனைத் தொடவிடாமல் தானே சோதித்தாள். அதே முடிவு. அப்படியானால் அந்த ஒய் அவள் ரத்தத்திலேயே, வயிற்றில் உள்ள ஓர் ஆண் சிசுவிடமிருந்து வந்திருக்க வேண்டும். நாள் தள்ளிப்போயிருந்தது, போன தடவை கரு கலைந்த பிறகு எப்போதும் அப்படித்தான் என்று அவள் கண்டுகொள்ளவில்லை. மருந்துக்கடைக்கு ஓடி வாங்கிவந்த கர்ப்பச் சோதனைப் பட்டையில் இரண்டு கோடு விழுந்தது.

சந்தோஷம் வரவில்லை. முதல் கரு, மாமியாரிடம் சொன்ன நாலாம் நாள் கலைந்தது. இரண்டாவது, அம்மாவிடம் சொன்ன மறுவாரம். சொல்வதால் எதுவும் கலையாது என்று ஊருக்கே பாடம் எடுக்கக்கூடியவள்தான். ஆனாலும் இனி ஒன்று தங்கினால், மூன்று மாதம் முடியும்வரை கணவனிடம்கூட மூச்சுவிடுவதில்லை என்று முடிவு செய்திருந்தாள்.

வெளியே வந்தபோது அண்ணன் குப்பைப் பையை விரித்துக்கொண்டிருந்தார். வேறொருத்தியின் ரத்தத்தை வைத்துச் சமாளித்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அவர் முகத்தைப் பார்த்ததும் அந்த நினைப்பு கூசியது.

"இருபது வருஷத்துல ஒரு குழாய் கெடுத்ததில்லம்மா," என்றார் அவர். "எப்படின்னே புரியல."

"கொட்டாதீங்கண்ணா. நீங்க ஒண்ணும் கெடுக்கல." அவள் பையின் விளிம்பைப் பிடித்தாள். "நான் முழுகாம இருக்கேன்."

அண்ணன் பையை மெல்லக் கீழே வைத்தார். முக்காலியை அவள் பக்கம் நகர்த்திவிட்டு, மேடத்திடம் தான் போய்ச் சொல்லட்டுமா என்று கேட்டார். தானே சொல்வதாகச் சொல்லிவிட்டு, அவள் முதலில் கணவனுக்குப் போன் செய்தாள்.

விஷயத்தைக் கேட்டதும் அவன், "வேற யாருக்குத் தெரியும்?" என்றான்.

"டெக்னீஷியன் அண்ணனுக்கு."

"எனக்கு முன்னாடியா? சரிதான்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "பயமா இருக்குங்க."

"எனக்கும்தான். அங்கேயே இரு, வந்துட்டிருக்கேன்."

பையன் என்பதை மட்டும் அவள் சொல்லவில்லை. அதையாவது இன்னும் கொஞ்ச நாள் வெளியே விடாமல் வைத்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. மேடத்தின் கதவைத் தட்டினாள்.