தப்பித்து வராதவர்

ஸ்பின்னிங் மில் கேட்டில் ஷிப்ட் மாறுகிற நேரம். வைண்டிங் செக்‌ஷன் சோலைராஜ் ஒரு சினிமா நோட்டீசை நீட்டியபோது, வாட்ச்மேன் காசிராஜன் அதைக் கையில் வாங்காமலே பார்த்தார். ரோஸ் நிறத் தாளில் முள்கம்பி வேலி, அதைத் தாண்டிப் பாயும் ஒருவன், பின்னால் துப்பாக்கிகள். ‘எதிரியின் சிறையை உடைத்த மாவீரர்கள்! ஆங்கிலப் படம்!’

“அண்ணாச்சி, சீவில்லிபுத்தூர்ல ஓடுது. ஞாயித்துக்கெழம மேட்னிக்கு நம்ம ஆளுக இருவது பேரு போறோம். மதினியையும் கூட்டிட்டு வாங்க. ஒங்க கதைதான இது!”

அந்தக் கதை தெரியாத ஆள் மில்லில் கிடையாது. எழுபத்தொன்று சண்டையில் பிடிபட்டு, ஒரு வருஷம் பாகிஸ்தானில் கைதியாகக் கிடந்து, காவல்காரனின் கழுத்தை நெரித்து, வேலி தாண்டி, ஆற்றை நீந்தி வந்தவர் மிலிட்டரி காசிராஜன். அவர் வாயால் அதை ஒரு தடவையும் சொன்னதில்லை. சொன்னவர் அப்பா பேச்சிமுத்து. மகன் திரும்பி வந்த வாரம், சேத்தூர் டீக்கடையில் எவனோ, “சண்ட போடப் போனவன் கையத் தூக்கிட்டுல்லா நின்னுருக்கான்” என்று சிரித்தான். பேச்சிமுத்து கிளாசை வைத்துவிட்டு எழுந்தார். “எவம்லே சொன்னது? எம் மவன் வேலி தாண்டிக் குதிச்சு வந்தவம்லே!” பக்கத்தில் நின்ற காசிராஜனுக்கு அத்தனை பேர் முன்னால் அப்பாவைப் பொய்யராக்க மனசு வரவில்லை. பொறவு சொல்லிக்கொள்ளலாம் என்று வாயை மூடிக்கொண்டார். பதினைந்து வருஷம் ஓடிவிட்டது. அப்பா போய்ச் சேர்ந்தார். கதை மட்டும் வளர்ந்தது. ஒரு காவல்காரன் இரண்டு பேரானான், ஓடை ஆறானது. மில்லில் வேலை கிடைத்ததே அந்தக் கதையால்தான். மனைவி பரிபூரணம் அதைப் பற்றி ஒன்றும் கேட்டதில்லை. அவள் நம்புகிறாளா இல்லையா என்பதே அவருக்குத் தெரியாது.

தியேட்டரில் மேனேஜர் ஐயாதுரை வாசலுக்கே வந்து கும்பிட்டு, மின்விசிறிக்கு நேர் கீழே இரண்டு நாற்காலி போட்டு உட்காரவைத்தார். படத்தில் பேசிய இங்கிலீஷ் யாருக்கும் பிடிபடவில்லை. அது தேவையாகவும் இல்லை. கைதிகள் போர்வையைக் கிழித்துக் கயிறு திரித்தார்கள். சுவரை ஸ்பூனால் சுரண்டினார்கள். விசில் பறந்தது. காசிராஜன் அவர்களுடைய கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லார் பூட்சும் பளபளவென்று இருந்தது. அவர் இருந்த கேம்ப்பில் ஓயாமல் நடந்த ஒரே காரியம் எண்ணுவதுதான். காலையில் வரிசையில் நிறுத்தி எண்ணுவார்கள், சாயங்காலம் எண்ணுவார்கள். நடுவில் குளிரும் பேனும். அதையெல்லாம் எவன் படம் எடுப்பான்?

“இப்டித்தான குதிச்சீக அண்ணாச்சி?” பின் சீட்டிலிருந்து சோலைராஜ் குனிந்து கேட்டான். அவர் தலையை ஆட்டினார்.

எல்லாரும் தப்பிப் போகிற கட்டத்தில், கால் அடிபட்ட ஒருவன் மட்டும் ஜன்னலோரம் நின்று அவர்கள் போவதைப் பார்த்தான். கண் மூடித் திறக்கும் நேரம்தான் காட்டினார்கள். அந்த நேரத்தில் தியேட்டரே முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தது. காசிராஜன் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

இடைவேளை விளக்கு எரிந்ததும் ஐயாதுரை மைக்கோடு வந்தார். நம்ம மண்ணின் வீரர், ரெண்டு வார்த்தை பேச வேண்டும் என்று துண்டு போர்த்தினார். கைதட்டல் ஓயச் செத்த நேரம் ஆயிற்று. காசிராஜன் மைக்கை வாங்கினார். கும்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கலாம். அப்படித்தான் செய்யவும் நினைத்தார்.

“எல்லாரும் மன்னிக்கணும். நான் தப்பிச்சு வரல. ஒரு வருசம் உள்ளயே இருந்தேன். வெளிய விட்டாக, வந்தேன். அம்புட்டுத்தான்.”

மின்விசிறிச் சத்தம் கேட்டது. தரை டிக்கெட்டிலிருந்து ஒரு குரல், “அப்போ இம்புட்டு நாளும் சும்மாவா கத விட்டீரு?” என்றது. ஒரு பக்கம் சிரிப்பு கிளம்பியது. சோலைராஜ் சிரிக்கவில்லை. வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நாற்காலிக்குத் திரும்பிய காசிராஜன், “எந்திரி, போவோம்” என்றார்.

பரிபூரணம் அவர் கையைப் பிடித்து இழுத்தாள். “உக்காருங்க. அந்தக் காலு ஒடிஞ்சவன் என்ன ஆனான்னு பாத்துட்டுப் போவோம்.”

படம் கடைசிவரை அவனை மறுபடி காட்டவில்லை.

வெளியே வந்தபோது மில் ஆட்கள் கூட்டமாக நின்றார்கள். யாரும் பக்கத்தில் வரவில்லை. பஸ் ஏறப்போகையில் சோலைராஜ் மட்டும் நாலு எட்டு வந்து, முகத்தைப் பார்க்காமல், “நாளைக்குக் காலை ஷிப்டுதான அண்ணாச்சி?” என்று கேட்டான். “ஆமாப்பா” என்றார். அவன் தலையாட்டிவிட்டுப் போனான்.

பஸ் ராஜபாளையத்தைப் பார்த்து ஓடியது. மேற்கே மலைக்குமேல் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச தூரம் போனதும் பரிபூரணம் கேட்டாள்: “படத்துல அவனக் காட்டும்போது நாற்காலிய அப்படி இறுக்கிப் புடிச்சீகளே. அங்க யாரு போனா? யாரு நின்னா?”

“நாந்தான் நின்னேன். போனது கூடப் படுத்திருந்தவன். வடக்க இமயமலப் பக்கத்துக்காரன். என்னையும் கூப்பிட்டான். எனக்குப் பயம். காலுக்கு ஒண்ணும் இல்ல, வெறும் பயந்தான். அவன் பூட்ஸ் கிழிஞ்சு கெடந்துச்சு. என் பூட்ஸக் கழட்டிக் குடுத்தேன்.”

“பொறவு?”

“தெரியல. எங்கள விட்டப்போ லிஸ்ட்ல அவன் பேரு இல்ல. கேட்டதுக்கு ஒருத்தரும் பதில் சொல்லல.”

“பொண்டாட்டி உண்டா?”

“உண்டு.”

பரிபூரணம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். புருஷனைக் காணவில்லை என்று தந்தி வந்த நாளிலிருந்து, உயிரோடிருப்பதாகக் கடுதாசி வந்த நாள்வரை, எழுபத்து மூன்று நாள் அவள் தலைக்கு எண்ணெய் வைக்கவில்லை. அதை அவரிடம் சொன்னதுமில்லை.

“ஊரு தெரியுமா?”

“ஊரு, தாலுகா எல்லாம் சொல்லிருக்கான்.”

“எழுதுங்க.”

“பதினஞ்சு வருசம் கழிச்சு என்னன்னு எழுத?”

“பூட்ஸ் குடுத்தத எழுதுங்க. வெறுங்காலோட போகலைன்னு அந்தப் பொம்பளைக்குத் தெரியட்டும்.”

கண்டக்டர் விசிலடித்தார், யாரோ இறங்கினார்கள், யாரோ ஏறினார்கள்.

“அவ புருசன் பேரு என்ன?”

“பிரேம்சிங் பிஷ்ட்.”

“பிரேஞ்சிங்கு…”

“பிரேம். பிரேம்சிங். பிஷ்ட்.”

பஸ் இரைச்சலில் அவள் மறுபடி சொல்லிப் பார்த்தாள். கடைசி எழுத்தில் நாக்கு இடறியது. முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, உதட்டை மெல்ல அசைத்து, இன்னொரு தடவை ஆரம்பித்தாள்.