கிட்டே போனால்தான் படம்

அலுவலகத்தில் அவனுக்கு வைத்த பெயர் மூலை. விற்பனைக்கு வரும் வீடுகளைப் படம் எடுப்பது அவன் வேலை. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் நேராகப் போய் ஒரு மூலையில் முதுகை ஒட்டிக்கொண்டு நிற்பான். அங்கிருந்து அவனுடைய இருபத்தொரு மில்லிமீட்டர் லென்ஸில் எடுத்தால், கட்டில் போட்டால் கதவு திறக்காத அறைகூடப் பந்து விளையாடலாம் போலத் தெரியும். நாற்பது வயதுக்குள் பல்லாயிரம் படம் எடுத்துவிட்டான். ஒன்றில்கூட மனித முகம் கிடையாது. வீடு விற்கிற படத்தில் ஆள் எதற்கு?

அப்பேர்ப்பட்டவனிடம் போய், அலுவலகத்துக்குக் கீழே பேக்கரி நடத்துகிறவள் கேட்டுவிட்டாள்: "என்னை ஒரு படம் எடுத்துக் குடுங்க சார். கடை முகப்புல மாட்டணும். அடுப்பும் வரணும், தட்டும் வரணும், நானும் வரணும்."

ஒரு வருஷமாக அவளிடம் தினமும் பன் வாங்குகிறான். அவனுக்குப் பன் பிடிக்காது. வாங்கிய பன்னெல்லாம் அக்கா வீட்டுக்குப் போய்ச் சேரும். முதல் மாதமே அக்காவுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. அவள் பிள்ளைகளுக்குப் பன் அலுத்துப் போனதும் அதே மாதம்தான்.

படம் எடுக்க இரண்டு தடவை போனான். இரண்டு தடவையும் கடை பிரமாதமாக விழுந்தது. அவள் மட்டும் கடுகளவு இருந்தாள். அந்த லென்ஸின் சுபாவம் அப்படி. நாலடி தள்ளி நின்றால், எதிரில் இருப்பவர் நாற்பதடி தள்ளிப் போய்விடுவார். முகம் பெரிதாக வேண்டுமென்றால் கையெட்டும் தூரத்துக்குப் போயாக வேண்டும். இவனோ பழக்கதோஷத்தில் கடையின் கோடியில் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

"வேற லென்ஸ் போட்டுத் தொலையேன்டா" என்றாள் அக்கா.

"அந்தக் கடை ரெண்டு பேர் ஒதுங்கி நிக்கற அளவுதான்க்கா. வேற லென்ஸ் போட்டா அவங்க மூக்கு மட்டும்தான் வரும். அடுப்பு வராது."

"அப்போ கிட்டப் போ. போயி, படத்தையும் எடு, மனசுல இருக்கறதையும் கேளு. இன்னிக்கு நீ கேக்கலைன்னா நாளைக்கு நானே போய்க் கேப்பேன். நான் கேட்டா எப்படி இருக்கும்னு உனக்கே தெரியும்."

தெரியும். அக்கா கேட்டால் தெருமுனை வரைக்கும் கேட்கும். அன்று மதியம் கடை மூடியிருக்கும் நேரத்தில் மூன்றாவது தடவையாகப் போனான்.

அவன் கேமராவில் பார்க்கிற கண்ணாடி வேறு, படம் பிடிக்கிற லென்ஸ் வேறு. அந்தக் கண்ணாடிக்குள் இந்த லென்ஸின் அகலம் அடங்காது என்பதால், மேலே குட்டியாக இன்னொரு கண்ணாடி செருகியிருந்தான். கீழ்க் கண்ணாடியில் அவள் முதலில் இரண்டாகத் தெரிவாள்; லென்ஸ் வளையத்தைத் திருப்பத் திருப்ப இரண்டு பேரும் ஒன்றாவார்கள்; ஒன்றானால் ஃபோகஸ் சரி. பிறகு கண்ணை மேல் கண்ணாடிக்கு ஏற்றிக் கடை முழுவதையும் பார்த்து அழுத்த வேண்டும். அவள் இரண்டிலிருந்து ஒன்றாகிற அந்த நொடி அவனுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. தேவையே இல்லாமல் நாலைந்து தடவை திருப்பிப் பார்த்தான்.

"இன்னும் கிட்ட வாங்க சார். கடிச்சிட மாட்டேன்."

ஓரடி வைத்தான். அழுத்தினான். அவள் களுக்கென்று சிரித்தாள். இன்னோர் அடி வைத்தான். அவள் புருவத்தில் மாவு ஒட்டியிருந்தது தெரிந்தது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க, இவனும் சேர்ந்து சிரித்தான். தனக்கு இப்படிச் சிரிக்க வைக்கத் தெரியும் என்பதே இத்தனை நாள் தெரியாமல் போச்சே என்று பூரித்துப் போனான். அரை மணி நேரம் போனதே தெரியவில்லை. நாற்பது படம் ஆகியிருந்தது.

பிறகு கேமராவின் முதுகில் இருக்கும் திரையைத் திறந்தான். முதல் படம் கருப்பு. இரண்டாவதும் கருப்பு. நாற்பதும் அட்டைக் கருப்பு. கேமராவைத் திருப்பினான். லென்ஸின் மூடி போட்டபடியே இருந்தது.

வேறு கேமராவாக இருந்தால் கண்ணே இருட்டிவிடும், தெரிந்துவிடும். இதில் கண் பார்ப்பது வேறு வழியாயிற்றே, அது எங்கே சொல்லப் போகிறது! அவனுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

"மூடியைக் கழட்டவே இல்லைங்க."

"தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"முதல் படத்துலேர்ந்து. என் மூஞ்சிக்கு நேராதானே இருந்துச்சு."

"சொல்லியிருக்கலாமே!"

அவள் சிரிப்பை நிறுத்தினாள். "சொன்னா அஞ்சு நிமிஷத்துல எடுத்து முடிச்சிட்டுப் போயிருப்பீங்க. ஒரு வருஷமா பன்னை வாங்கிட்டு ஓடறீங்க. இன்னிக்குத்தான் என்னை நிமிந்து பாத்திருக்கீங்க. அதைப் போய் நான் எதுக்குக் கெடுக்கணும்?"

பல நாளாக மனப்பாடம் செய்து வைத்திருந்த நாலு வாக்கியமும் அவனுக்கு மறந்து போயின. மிஞ்சியதைச் சொன்னான்.

"எனக்குப் பன் பிடிக்காதுங்க. என்னைக் கட்டிக்கறீங்களா?"

அவள் கையைத் துணியில் துடைத்தாள். ஏற்கெனவே துடைத்த கைதான்.

"மூடியைக் கழட்டுங்க முதல்ல. பதில் சொல்றப்ப என் மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு நான் பாக்கணும்."

கழற்றினான். இரண்டு பேராகத் தெரிந்தவளை எப்படியோ ஒருத்தியாக்கினான்.

"சரி" என்றாள் அவள். "கட்டிக்கறேன்."

கேமரா தானாக இறங்கிவிட்டது. வாயைப் பிளந்துகொண்டு நின்றான். சந்தோஷம் காது வரைக்கும் ஏறிச் சூடாக இருந்தது.

"எடுத்தீங்களா?"

"இல்ல. அழுத்த மறந்துட்டேன்."

"நல்லா இருக்கு போங்க! சரி, இன்னொரு தடவை சொல்றேன். இன்னும் கிட்ட வாங்க."

"இதுக்கு மேல வந்தா ஃபோகஸ் ஆகாதுங்க. எழுபது சென்டிமீட்டர்தான் இதோட எல்லை."

"அப்போ அதைக் கீழ வெச்சிட்டு வாங்க."

லென்ஸில் ஒரு தூசி விழுந்தாலே சோறு இறங்காத மனுஷன் அவன். மாவு சிந்திக் கிடந்த மேசைமேல் கேமராவை அப்படியே வைத்தான்.