நிரப்பாமல் விட்ட கட்டம்

"கள்ளனைப் பிடிச்சு வைச்ச மாதிரிக் கிடக்கு. இந்தப் படம் வேண்டாம் எண்டு நான்—"

"வேறை எது கிடக்கு, சொல்லு பாப்பம்? எல்லாத்திலையும் ஒண்டில் தலை வெட்டுப்பட்டிருக்கு, இல்லாட்டி—"

"உன்ரை மகன் றொக்சன்ரை முதல்நன்மைப் படம் இருக்குத்தானே. அதிலை அப்பா நல்லாச் சிரிச்சுக்கொண்டு—"

"அதிலை கண் மூடியிருக்கு! செத்தவீட்டு அட்டைக்குக் கண் மூடின படம் போடுறதோ?"

"கத்தாதை அண்ணா. அம்மா நிக்கிறா."

"நீ கத்தாதை. பாஸ்போட் படத்திலை சிரிக்கக்கூடாதடி. அது சட்டம். படம் எடுத்த பெட்டை 'பா து சூரீர், மிஸ்யூ' எண்டு மூண்டு தரம் சொன்னவள். அப்பா சிரிப்பை அடக்கேலாமல் அடக்கிக்கொண்டு நிண்டவர். வடிவாப் பார், வாய் இறுகிக் கிடக்கு, கண் சிரிக்குது."

அனோஜினி பார்க்கவில்லை. றெக்ஸ் நீட்டிய ஃபோனைக் கையால் தள்ளிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கத்தரின் குசினி மேசையில் துவாயை விரித்து, கணவர் யோசெப்பின் நீலக் கழுத்துப்பட்டியை அயன் பண்ணிக்கொண்டிருந்தாள். உடுப்பெல்லாம் நேற்றே கொடுத்தாயிற்று, பட்டியை மட்டும் மறந்துபோனார்கள். பதினொரு மணிக்குள் கொண்டுவந்து தரச் சொல்லி, உடலை வைத்திருந்த மலர்ச்சாலையிலிருந்து ஃபோன் வந்திருந்தது. பட்டியில் சுருக்கம் எதுவும் இல்லை. இருந்தாலும் அவள் இரண்டாம் தரமும் தேய்த்தாள்.

"அம்மா, நீங்கள் சொல்லுங்கோ. எந்தப் படம்?"

"எதையாவது போடுங்கோ" என்றாள்.

"எனக்கு அந்தப் படத்தைப் பாக்கக் கப்பல்தான் ஞாபகம் வருது" என்றாள் அனோஜினி. "ஒவ்வொரு ஞாயிறும் ரொக்ஸ்பரோவிலை இருந்து ஃபோன் எடுத்துக் கேட்டனான். அப்பா, பாஸ்போட்டுக்குப் போட்டாச்சோ, கப்பல்காரனுக்கு ஏப்ரலுக்குள்ளை நம்பர் குடுக்கவேணும் எண்டு. 'பாப்பம் பிள்ளை, பாப்பம்.' வேறை கதையில்லை."

"அப்பாவுக்கு ஃபோமைக் கண்டாலே பயம், தெரியாதோ உனக்கு?" றெக்ஸ் சிரித்தான். இரண்டு நாளில் அவன் சிரித்தது அதுதான் முதல் தடவை. "கைநாட்டு வைக்கிற மனிசன் மாதிரி ஒளிச்சுக்கொண்டு திரிவார்."

அனோஜினிக்கும் சிரிப்பு வந்தது. அண்ணனும் தங்கையும் அந்தச் சிரிப்பில் சமாதானமாகிவிட்டார்கள். பாஸ்போட் படமே போகட்டும் என்று முடிவாயிற்று.

கத்தரின் அயன்பெட்டியின் வயரை இழுத்துக் கழற்றினாள். அவருக்குப் பயமில்லை என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால், பின்னே ஏன் போடவில்லை என்று கேட்பார்கள்.

அந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் இருந்தது. அதுதான் தொல்லை.

பெப்ரவரி தொடக்கத்தில், இதே மேசை. நாற்பத்தைந்தாவது கலியாண நாளுக்கு அனோஜினி கப்பல் பயணம் ஒன்று பதிந்து கொடுத்திருந்தாள். மொன்றியலில் ஏறி, நியூஃபவுண்லாந்து பார்த்து, பொஸ்டனில் இறங்குவது. அமெரிக்காவில் இறங்க பாஸ்போட் வேண்டும். கத்தரினிடம் ஒன்று இருந்தது, அக்காவின் செத்தவீட்டுக்கு மன்னார் போய்வந்தவள். யோசெப்பிடம் இல்லை. கனடா வந்து முப்பத்தொன்பது வருடத்தில் அவர் ஒரு பாஸ்போட்டுக்கும் விண்ணப்பித்தது கிடையாது. வரும்போது கையில் இருந்தது வேறு யாருடையதோ. அதையும் கப்பலிலேயே கிழித்துக் கடலில் போட்டுவிட்டார். அந்தக் கப்பல்காரன் இவர்களைக் கரையில்கூடச் சேர்க்காமல் நடுக்கடலில் சின்னப் படகொன்றில் இறக்கிவிட்டுப் போனான். நியூஃபவுண்லாந்து மீன்பிடிக்காரர்கள்தான் தூக்கி எடுத்தார்கள்.

"பாஸ்போட் தேவையில்லாத கப்பலும் ஓடுதாம்" என்றாள் கத்தரின், லீக்ஸ் வெட்டிக்கொண்டே. "கஸ்பேக்குப் போய்த் திரும்பி வருது. கனடாவுக்குள்ளைதான். அதுக்கு மாத்தச் சொல்லுவம். ஏன் இந்தக் கரைச்சல்?"

"பாஸ்போட் இல்லாமல் ஒருக்காக் கப்பல்லை வந்தது காணும், கத்தரின்."

"அதுவும் கப்பல்தான், இதுவும் கப்பல்தான்."

"அந்தமுறை பிஸ்கற்றும் தண்ணியும். இந்தமுறை இருபத்திநாலு மணித்தியாலமும் சாப்பாடாம்." அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படிவத்தில் குனிந்தார். ஒவ்வொரு எழுத்தாக, பெரிதாக, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எழுதிக்கொண்டிருந்தார். "அந்தக் கரையிலை இந்தமுறை நான் படியாலை இறங்கிப் போகவேணும். ஒருத்தன் கேக்கவேணும், மிஸ்டர், பாஸ்போட் பிளீஸ் எண்டு. நான் எடுத்து நீட்டவேணும்."

"கனடாவுக்குள்ளை இறங்க ஆர் கேக்கப்போறான்?"

"கேக்காட்டியும் நான் நீட்டுவன்."

அவள் சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை. அன்றைக்குக் காலையிலிருந்து முழங்கால் வலி. அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. மேசையில் பாதியைப் படிவம் பிடித்துக்கொண்டிருந்தது. வெட்டிய லீக்ஸை எங்கே வைப்பது என்று எட்டிப் பார்த்தபோதுதான் அவருடைய பேனை, பாஸ்போட் எத்தனை வருடத்துக்கு என்று கேட்கும் கட்டத்துக்கு மேலே நிற்பதைக் கண்டாள்.

"என்ன, பத்து வருசம் எண்டோ போடப்போறியள்?"

"ரண்டுதான் இருக்கு. ஐஞ்சு, இல்லாட்டிப் பத்து."

"உங்களுக்கு எழுபத்தாறு."

"தெரியும்."

"பத்து வருசத்துக்கு எடுத்து வைச்சு என்ன செய்யப்போறியள்? உங்களுக்கு ஐஞ்சு காணும். அதுகூட…"

அவள் முடிக்கவில்லை. சோறு பொங்கி அடுப்பில் வழிந்தது, ஓடிப்போய் மூடியைத் தூக்கினாள். திரும்பி வரும்போது அவர் பேனையை மூடிக்கொண்டிருந்தார். கோபமில்லை. முகத்தில் ஒன்றும் இல்லை.

"லீக்ஸுக்கு உறைப்பைக் கொஞ்சம் குறைச்சுப் போடும்" என்றார். படிவத்தை மண்ணிற உறைக்குள் வைத்துக்கொண்டு அறைக்குப் போய்விட்டார்.

அவ்வளவுதான். சண்டை என்று கூடச் சொல்ல முடியாது. மறுநாள் அவர் அந்த உறையை எடுத்துக்கொண்டு வெளியே போனதைக் கண்டாள். அனுப்பிவிட்டார் என்றுதான் நேற்றுவரை நினைத்திருந்தாள். ஐந்து என்று போட்டாரா, பத்து என்று போட்டாரா என்று கேட்கவில்லை. மார்ச் கடைசிவரை, ஏழு கிழமை ஒரே வீட்டில் இருந்தும் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலை குப்பை வாளியைத் தெருவோரம் தள்ளி வைத்துவிட்டு வந்தவர், படியில் இளைப்பாற இருந்தார். பிறகு எழும்பவில்லை.

லாசாலில் அந்த மலர்ச்சாலைக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மழையும் சினோப்பனியும் கலந்து தூறிக்கொண்டிருந்தது. நீலப் பட்டி கட்டியாயிற்று. பெட்டிக்குப் பக்கத்தில், தாங்கி ஒன்றின் மேலிருந்த திரையில், பாஸ்போட் படம் கதவளவு பெரிதாகி நின்றது. றெக்ஸ் சொன்னது சரிதான், கண் சிரித்தது. அடுத்த கணம் வாயும் பிரிந்துவிடும் போலிருந்தது.

சனம் வந்தது. கைகளைப் பிடித்தார்கள், கட்டிக்கொண்டார்கள்.

"குடுத்து வைச்ச மனிசன், கத்தரின். பாயிலை படுக்கேல்லை, ஒருத்தருக்கும் கரைச்சல் குடுக்கேல்லை."

"ஓம்."

"நீங்கள் அவரைப் பாத்த மாதிரி ஆர் பாப்பினம்?"

அதற்கு அவள் ஓம் சொல்லவில்லை.

தேவதாசன் பன்னிரண்டு மணியளவில் வந்தார். பாண் தொழிற்சாலையில் யோசெப்போடு ஒரே சூளையடியில் இருபத்திரண்டு வருடம் நின்றவர். பெட்டியருகே வெகுநேரம் நின்றுவிட்டு வந்து கத்தரினுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார். தலை நிமிர்ந்து படத்தைப் பார்த்தார்.

"இது பாஸ்போட் படமெல்லோ?"

"ஓம் அங்கிள்" என்றான் பக்கத்தில் நின்ற றெக்ஸ். "நீங்கள்தானே அப்பாவைத் தெரியுமெண்டு சாட்சிக் கையெழுத்து வைச்சனீங்கள்?"

"நான்தான். படத்துக்குப் பின்னாலையும் வைச்சனான். இது யோசெப்பின்ரை உண்மையான சாயல் எண்டு எழுதவேணுமாம். எழுதேக்கை சிரிச்சுப்போட்டன். இவரின்ரை சாயலுக்குச் சாட்சி நானோ எண்டு."

"பேந்து ஏன் அங்கிள் அனுப்பாமல் விட்டவர்? நாங்கள் பாஸ்போட் ஒபிசுக்கு ஃபோன் எடுத்து, வந்தால் திருப்பி அனுப்புவம் எண்டு சொன்னா, அப்பிடி ஒரு விண்ணப்பமே இல்லையாம். அப்பாவுக்குப் பயம்தானே?"

"பயமோ? அண்ணைக்கோ?" தேவதாசன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒரு எழுத்து வெட்டித் திருத்தாமல் நிரப்பிக்கொண்டு வந்த மனிசன். ஒரு கட்டம் மட்டும் வெறுமையாக் கிடந்தது, எத்தினை வருசத்துக்கு எண்டு கேக்கிற இடம். இதை மறந்திட்டியள் அண்ணை எண்டன். மறக்கேல்லையடா எண்டார்."

கத்தரின் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"'அதுக்கு கத்தரின் சொல்லவேணும்' எண்டார். 'நானாப் போட்டால் ஆசை கூடிப்போச்சுதெண்டு நினைப்பாள். அவள் கேக்கட்டும், பேந்து போடுவம்' எண்டார்." தேவதாசன் அவள் பக்கம் திரும்பினார். "கேட்டனீங்களோ அக்கா?"

அந்த நேரம் யாரோ பூவளையத்தோடு உள்ளே வந்தார்கள். தேவதாசன் எழுந்து வழிவிட்டார்.

மூன்று தரம். இப்போதுதான் எண்ணிப் பார்த்தாள். அந்த மண்ணிற உறை மூன்று தரம் குசினி மேசைக்கு வந்தது. ஒருநாள் தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில். அவள் அதைத் தள்ளி வைத்துவிட்டுக் கோப்பையை எடுத்தாள். ஒருநாள் பாண் பையின் மேல். இன்னொரு நாள் அவர் அதை முன்னால் வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் இருந்தார். "மேசையைத் துடைக்கவேணும், எடுங்கோ" என்றாள். எடுத்தார். ஏதோ வங்கிக் கடிதம் என்று நினைத்திருந்தாள். அப்படி நினைத்தேன் என்று இப்போது தனக்கே சொல்லிப் பார்த்தாள். நம்ப முடியவில்லை.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. இரண்டு வருடத்துக்கு முன் அவளுடைய பாஸ்போட்டைப் புதுப்பித்தபோது படிவத்தை நிரப்பியது யோசெப்தான். அவளுக்கு எழுபது. அந்தக் கட்டம் வந்தபோது அவர் பேனையை நிறுத்தவில்லை, அவளைக் கேட்கவுமில்லை. பத்து என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனார்.

"அனோஜினி."

"என்னம்மா? தண்ணி வேணுமோ?"

"ஆசுப்பத்திரியிலை தந்த பை எங்கை? அப்பாவின்ரை கோட்டு இருந்த பை."

"என்ரை காருக்குள்ளை. ஏனம்மா இப்ப?"

"எடுத்துக்கொண்டு வா, பிள்ளை."

அனோஜினி அண்ணனைப் பார்த்தாள். அவன் தோளைக் குலுக்கினான். அவள் குடையும் இல்லாமல் வெளியே போய், வெள்ளைப் பிளாஸ்ரிக் பையோடு திரும்பி வந்தாள். கத்தரின் அந்தக் கனத்த கறுப்புக் கோட்டை மடியில் போட்டு உள்பைக்குள் கையை விட்டாள். ஒரு மிட்டாய், ஒரு பஸ் அட்டை, அதற்குப் பின்னால் உறை. ஓரங்கள் மழுங்கி, நடுவில் மடிந்து, ஏழு கிழமை நெஞ்சோடு கிடந்த உறை.

படிவத்தை விரித்தாள். பெயர், பிறந்த இடம், உயரம், கண்ணின் நிறம். எல்லாம் அந்தப் பெரிய எழுத்துகளில். படங்கள் இரண்டு விழுந்தன. ஒன்றின் முதுகில் தேவதாசனின் சரிந்த கையெழுத்து.

அந்தக் கட்டம் வெள்ளையாக இருந்தது.

"இதையோ அம்மா தேடினனீங்கள்?" அனோஜினி குனிந்து பார்த்தாள். "ஐயோ அப்பா… இவ்வளவும் நிரப்பிப்போட்டு…"

"நான்தான் பிள்ளை."

"என்ன?"

"ஐஞ்சு காணும் எண்டு நான்தான் சொன்னனான்."

அனோஜினி பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தாள். பிறகு தாயின் கையை எடுத்துத் தடவினாள். "அதுக்கென்னம்மா? பத்தெண்டால் நாப்பது டொலர் கூடத்தானே, மிச்சம்பிடிக்கச் சொல்லியிருப்பியள். எல்லா வீட்டிலையும் அப்பிடித்தான். அதுக்குப் போய் அழுவியளோ?"

கத்தரின் வாயைத் திறந்தாள். காசுக்குச் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் இந்தப் பிள்ளை கையை எடுத்துவிடுவாள், அல்லது எடுக்காமலே இருப்பாள். இரண்டில் எது மோசம் என்று தெரியவில்லை.

"அப்பாவுக்குப் பயமில்லை" என்றாள். "அண்ணாவிட்டைச் சொல்லு."

"சரியம்மா."

"இப்ப போய்ச் சொல்லு."

அனோஜினி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பிப் போனாள். பங்குச் சுவாமி வந்துவிட்டார், வாசலில் சப்பாத்தின் ஈரத்தை உதறிக்கொண்டிருந்தார். பெண்கள் செபமாலைகளை எடுத்தார்கள். செபம் முடிந்ததும் பெட்டியை மூடிவிடுவார்கள், பிறகு கோவிலுக்கு. கத்தரின் கோட்டைக் கதிரையில் வைத்துவிட்டு, கைப்பையிலிருந்து பேனையை எடுத்துக்கொண்டு பெட்டியடிக்குப் போனாள். சனம் விலகி இடம்விட்டது. கடைசியாகப் பேசட்டும் என்று நினைத்தார்கள் போலும்.

நீலப் பட்டி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. நேராக்கினாள். படிவத்தை அவர் கைகளுக்குப் பக்கத்தில், வெள்ளைப் பட்டுத்துணியின் விளிம்பில் விரித்து, அந்தக் கட்டத்துக்கு மேலே பேனையைப் பிடித்தாள். மேலே, பெரிய படத்தில், வாய் இறுகியே இருந்தது.

அவள் இன்னும் கொஞ்சம் குனிந்தாள்.

"இஞ்சாருங்கோ… ஐஞ்சோ, பத்தோ? நீங்களே சொல்லுங்கோ."