நல்ல சிவப்பு

மாப்பிள்ளை சிவப்பாக இருந்தார். தரகர் அப்படித்தான் சொல்லியிருந்தார். பெண்ணின் அப்பா அதை வெளுப்பு என்று எடுத்துக்கொண்டதற்குத் தரகர் பொறுப்பாக முடியாது. வாசலில் நின்றவர் மாதுளை முத்தைப் போலச் சிவந்து, வெயில் பட்ட காது வழியாகப் பின்னாலிருந்த கதவு தெரியும்படி இருந்தார். ஆய்வுக்கூடத்தில் தங்கத்தைக் கண்ணுக்கே தெரியாத துகளாக்கித் தண்ணீரில் மிதக்கவிடுவது அவர் வேலை. அவ்வளவு பொடியானால் தங்கம் மஞ்சளை விட்டுச் சிவப்பாகிவிடும். ஒரு கோடையில் அதைச் சர்பத் என்று நினைத்து ஒரு குடுவை குடித்துவிட்டார், அன்றிலிருந்து இப்படித்தான்.

"உடம்பெல்லாம் தங்கம் ஐயா," என்றார் தரகர்.

"யோவ், யாருக்குக் காது குத்துற? தங்கம் மஞ்சளாத்தானே இருக்கும்?"

வந்த வரன்களையெல்லாம் தட்டிக்கழித்த மகளோ, இவர் இல்லையென்றால் இனி யாருமே வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டாள். அந்தப் படபடப்பில் காபியில் சர்க்கரைக்குப் பதில் உப்பை அள்ளிப் போட்டாள். அவர் கடைசிச் சொட்டு வரை குடித்தார். உப்புப் பட்டால் அந்தத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகும். பெரிதானால் நிறம் மாறும். கழுத்தில் தொடங்கிய ஊதா (கத்தரிப்பூ நிறம் என்பாரும் உண்டு) நெற்றிக்குப் போவதற்குள் நீலமாகிவிட்டது.

அப்பா எழுந்துவிட்டார். "உக்காந்த இடத்துலயே நிறம் மாறுறான்! இவனை நம்பி எப்படிப் பொண்ணு குடுக்கிறது?"

"அவர் மாறலப்பா. நான்தான் உப்பைப் போட்டுட்டேன். மூஞ்சி சுளிக்காம குடிச்சாரே, அதைப் பாருங்க."

அப்பா டம்ளரின் அடியை நக்கிப் பார்த்துவிட்டுக் குழாயடிக்கு ஓடினார். வாயைத் துடைத்துக்கொண்டே திரும்பி வந்து, "இதைக் குடிச்சவன் எதையும் தாங்குவான். தேதியைப் பாருங்க," என்றார்.

மகளுக்குச் சமையலில் உப்பின் அளவு கடைசிவரை பிடிபடவில்லை. இரண்டு பிள்ளைகள் பிறந்து பள்ளிக்கூடம் போவதற்குள் துகள்கள் ஒட்டி ஒட்டி மணலளவாகி, மாப்பிள்ளை தங்கத்தின் பழைய மஞ்சளுக்கே வந்து சேர்ந்தார். "எங்க மாப்பிள்ளை தங்கம்," என்று மாமனார் தெருவெல்லாம் சொன்னபோது யாரும் அதைப் புகழ்ச்சியாக எடுத்துக்கொள்ளவில்லை. மனைவி மட்டும் தினமும் காலையில் ஜன்னலோரம் படுக்கை விரிப்பை உதறி, "ஒரு நாளாவது கால் கழுவிட்டுப் படுங்களேன்," என்று திட்டியபடியே மின்னும் தூளைப் பெருக்கித் தள்ளினாள்.