காதல் இல்லாத தீபாவளிப் படம்

2002ஆம் வருடத் தீபாவளிக்குத் தன் சானலில் சொந்தமாக ஒரு தமிழ்ப் படம் காட்டிவிடுவது என்று வெங்கிடேஸ்வரன் முடிவு செய்தார். மட்டாஞ்சேரியில் அறுநூறு வீடுகளுக்குக் கேபிள் இணைப்புக் கொடுத்திருந்தவர் அவர். சானல் என்று பெயர்தானே ஒழிய, அதில் கோயில் உற்சவமும் கல்யாண வாழ்த்தும்தான் மாறி மாறி வரும்.

கதை கொடுத்தவள் ஸ்வர்ணலதா. மாநகராட்சியின் மண்டல அலுவலகத்தில் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் குமாஸ்தா, இருபத்தாறு வயது. வீட்டில் தமிழ் பேசினாலும் படித்தது மலையாளப் பள்ளிக்கூடத்தில். ஆகவே தமிழ் வசனம் முழுவதையும் மலையாள எழுத்தில் எழுதியிருந்தாள். வெங்கிடேஸ்வரனுக்கும் அப்படிப் படிப்பதுதான் சுலபமாக இருந்தது.

கதை இதுதான்: ஒரு பெட்டி ஆட்டோக்காரன் மிளகு கிடங்கிலிருந்து சரக்கு ஏற்றிக்கொண்டு கும்பளங்கிக்குப் போகிறான். அங்கே போய்ப் பார்த்தால் மூட்டைகளுக்கு நடுவே ஓர் ஆடு நிற்கிறது. யாருடைய ஆடு என்று தெரியவில்லை. மாநகராட்சி அலுவலகத்துக்குக் கொண்டுவருகிறான். ஆட்டுக்கெல்லாம் பதிவேடு இல்லை என்கிறாள் அங்கிருக்கும் குமாஸ்தா. பிறகு மனசு கேட்காமல் அரை நாள் லீவு போட்டுவிட்டு அவனோடு வண்டியில் ஏறுகிறாள். இருவரும் சந்து சந்தாகத் தேடி, ஆட்டை உரியவரிடம் சேர்க்கிறார்கள்.

வெங்கிடேஸ்வரன் கடைசிப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பின்னே?"

"பின்னே ஒண்ணும் இல்லே சேட்டா. அவன் லோடு எடுக்கப் போறான், அவ வீட்டுக்குப் போறா."

"கல்யாணம்?"

"யாருக்கு?"

"மோளே, ஒரு ஆணும் பெண்ணும் பகல் பூரா ஒரே வண்டியில சுத்துறாங்க. அவங்களுக்குள்ள ஒண்ணும் இல்லேன்னா எவன் நம்புவான்?"

"நானும் பிச்சைமணியும் ஆறு வருஷமா ஒரே வண்டியில போறோம். எங்களுக்குள்ள ஒண்ணும் இல்லையே."

"அதையும் இங்கே யாரும் நம்பலே," என்றார் அவர்.

பிச்சைமணி அடுத்த வீட்டுக்காரன். ஒன்றாம் வகுப்பிலிருந்து அவளோடு படித்தவன். நிஜத்திலும் பெட்டி ஆட்டோதான் ஓட்டினான். காலையில் பஜார் ரோட்டுக்குச் சரக்கு ஏற்றப் போகும்போது அவளை அலுவலக வாசலில் இறக்கிவிடுவான். படத்தில் ஆட்டோக்காரனாக அவனே நடிப்பது என்றும், குமாஸ்தாவாக ஸ்வர்ணலதா நடிப்பது என்றும் முடிவாயிற்று. வேறு யாரைப் போட்டாலும் சம்பளம் கேட்பார்கள் என்பது வெங்கிடேஸ்வரனின் எண்ணம். ஆடு, கேமராமேன் ஷானவாஸ் வீட்டு ஆடு.

ஷானவாஸ் பன்னிரண்டு வருடமாகக் கல்யாண வீடியோ எடுப்பவன். கேமராவைத் தோளில் வைத்தாலே அவனுக்குக் கல்யாணம்தான் ஞாபகம் வரும். முதல் நாளே, "கொஞ்சம் சேர்ந்து நில்லுங்க. பெண்ணு தலையை லேசாச் சாய்ச்சு மாப்பிள்ளையைப் பார்க்கட்டும்," என்றான்.

"மாப்பிள்ளை எங்கே இருந்து வந்தான்? நாங்க ஆட்டைத் தேடிட்டு இருக்கோம்," என்றாள் ஸ்வர்ணலதா.

"சாரி. வாய் பழகிப்போச்சு."

சாயங்காலம் எடுத்ததைப் போட்டுப் பார்த்தால், இருவரும் சாயா குடிக்கும் இடத்தில் நாலு மூலையிலிருந்தும் ரோஜா இதழ் கொட்டியது. மிக்ஸிங் மெஷினில் அது தானாக வந்துவிட்டது என்று ஷானவாஸ் சாதித்தான். அதை எடுக்கவைக்க ஒரு மணி நேரம் போராட வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளாகப் பார்த்து நான்கு நாள் படப்பிடிப்பு நடந்தது. மூன்றாவது ஞாயிறு முடிந்ததும், ஸ்வர்ணலதாவின் அம்மா அம்மிணி கேபிள் அலுவலகத்துக்குப் போனாள். மகளுக்கும் பிச்சைமணிக்கும் கல்யாணம் முடிந்துவிடாதா என்று வெகுநாளாக அவளுக்கு ஓர் ஆசை. பிச்சைமணியின் அம்மாவுக்கும் அதே ஆசைதான். கேட்க இருவருக்கும் தைரியம் இல்லை.

"கடைசியில ஒரு மாலை மாத்துற சீன் வச்சிருங்க. சினிமாவுல ஒரு தடவை மாத்திட்டா நிஜத்துலயும் கூச்சம் விட்டுப்போகும்," என்றாள் அம்மிணி.

வெங்கிடேஸ்வரனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்.

கடைசி நாள் படகுத்துறைக்குப் பக்கத்தில் எடுப்பதாக ஏற்பாடு. ஸ்வர்ணலதா வந்து பார்த்தபோது, கிடங்குச் சுவர் ஓரத்தில் ஒரு பெஞ்சு போட்டு, தட்டில் இரண்டு சாமந்தி மாலைகள் வைத்திருந்தார்கள். பக்கத்தில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு அம்மிணி நின்றாள்.

ஸ்வர்ணலதாவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. முகம் சிவந்துபோயிற்று. சற்றுத் தள்ளியிருந்த கட்டைச் சுவரில் போய் உட்கார்ந்தாள். பிச்சைமணி ஆட்டைப் பெஞ்சின் காலில் கட்டிவிட்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். 

"ஒண்ணு கேட்கட்டா? நேரா பதில் சொல்லணும்," என்றாள்.

"கேளு."

"உன் மனசுல அப்படி ஏதாவது உண்டா?"

அவன் குனிந்து ஒரு கல்லை எடுத்துத் தண்ணீரில் எறிந்தான்.  உண்டு என்று அவன் சொல்லிவிட்டால், நாளைக் காலையில் எப்படி அந்த வண்டியில் ஏறுவது என்று அவள் நினைத்தாள்.

"உண்டாயிருந்துச்சு," என்றான். "பத்தாங்கிளாஸ்ல. ரெண்டு நாள்."

"ரெண்டு நாளா?"

"மூணாவது நாள் என் கணக்கு நோட்டைப் பார்த்துக் காப்பியடிச்சு என்னைவிட ஏழு மார்க் கூட வாங்கினே. அதோட போச்சு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எனக்கு ரெண்டு நாள்கூட வந்ததில்லே. வருத்தமா?"

"எதுக்கு வருத்தம்? பெண்டாட்டி எங்கே இருந்தாவது வருவா. ஏதாவது ஆச்சுன்னா முதல்ல சொல்லத் தோணுறது உன்கிட்டத்தான். அது மாறாம இருந்தாப் போதும்."

"எனக்கும் அது போதும்," என்றாள் அவள். படம் தொடங்கியதிலிருந்து மனசில் கிடந்த பாரம் இறங்கியது போல இருந்தது.

அப்போது பின்னால் அம்மிணி, "ஐயோ, மாலை," என்று கத்தினாள்.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆடு பெஞ்சின்மேல் முன்கால் இரண்டையும் வைத்து ஒரு மாலையை முக்கால்வாசி தின்று முடித்திருந்தது. அம்மிணி இன்னொரு மாலையை இழுக்க, அதன் மறுமுனையையும் ஆடு கவ்வியது. வெங்கிடேஸ்வரன் அம்மிணிக்கு உதவப் போய்த் தட்டோடு கீழே உட்கார்ந்தார். கட்டைச் சுவரில் இருந்த இருவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள்.

ஷானவாஸ் கேமராவை அணைக்கவே இல்லை. கல்யாண வீட்டில் எது நடந்தாலும் விடாமல் எடுக்க வேண்டும் என்பது அவன் தொழில் பழக்கம்.

அன்று சாயங்காலம் அதைப் போட்டுப் பார்த்தார்கள். வெங்கிடேஸ்வரன், தான் விழும் இடத்தை மூன்று தடவை திரும்பப் போடச் சொன்னார். பிறகு, "இதுதான் கிளைமாக்ஸ். என்னை வெட்டிராதே," என்றார்.

தீபாவளியன்று காலை பதினொரு மணிக்குப் படம் ஓடியது. முடிந்ததும் கேபிள் அலுவலகத்துக்குப் போன் மேல் போன். ஆடு யாருடையது, அதற்கு மாலை ஒத்துக்கொண்டதா என்று கேட்டவர்களே அதிகம். அந்த இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆயிற்றா என்று ஒரே ஒருவர்தான் கேட்டார். ஜனங்கள் ஆசைப்பட்டதால் மத்தியானமும் ஒரு தடவை படத்தைப் போட்டார் வெங்கிடேஸ்வரன். பொங்கலுக்கு இன்னொரு கதை வேண்டும் என்று ஸ்வர்ணலதாவிடம் சொல்லியும் அனுப்பினார்.

அம்மிணி இரண்டு தடவையும் பார்த்தாள். முதல் தடவை உம்மென்றிருந்தாள். இரண்டாம் தடவை, மகளும் பிச்சைமணியும் சுவரில் உட்கார்ந்து சிரிக்கும் இடத்தில் அவளை அறியாமலே சிரித்தாள். டிவியை அணைத்தாள். பிறகு, பலகாரத் தட்டைப் பிச்சைமணி வீட்டுக்கு எடுத்துப் போகும் மகளைக் கூப்பிட்டாள்.

"லதா, பொங்கல் படத்துக்காவது அவனை நல்ல சட்டை போட்டுட்டு வரச் சொல்லு. பெண் கொடுக்கிற வீட்டுக்காரங்க பார்ப்பாங்களா இல்லையா?"